இரண்டு கிராபிக்ஸ் கார்டும் ஒரு பிளக் சுவிட்சும்

நாமக்கல் பக்கம் லாரிகளுக்கும் போர்வெல் வண்டிகளுக்கும் பாடி கட்டும் பட்டறையில் நான் வரைபடம் போடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வரைகிறவர்கள் இரண்டே பேர். நானும், என்னைவிட ஆறு வருடம் மூத்த ஒருவரும். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் என்னை வேலை நேரத்தில் 'மேடம்' என்றும் கோபம் வந்தால் 'அம்முணி' என்றும் கூப்பிடுவார்.

வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வண்டியைத் திரையில் காட்ட வேண்டும் என்று முதலாளி ஒரு லேப்டாப் வாங்க முடிவெடுத்தார். சேலத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லி இரண்டைக் கொடுத்தனுப்பினார். ஒன்றில் கேம் விளையாடுகிறவர்களுக்கான கிராபிக்ஸ் கார்டு. மற்றதில் என்னைப் போல வரைகிறவர்களுக்கென்றே செய்த ஒர்க்ஸ்டேஷன் கார்டு.

நியாயமாக நான் இரண்டாவதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் அரை மணி நேரத்தில் கார் பந்தயம் ஓட்டும் பழக்கம் எனக்கு இருந்தது. பழைய கம்ப்யூட்டரில் என் கார் வளைவில் திரும்புவதற்குள் மற்றவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதனால் கேமிங் கார்டுதான் பட்டறைக்கு நல்லது என்று முதலாளியிடம் பேச ஆரம்பித்தேன்.

"அதுக்கு கீபோர்டுல சுத்தி சுத்தி லைட்டு எரியுதுங்க. பண்டிகைக்கு சீரியல் செட்டு போட்டாப்ல இருக்குது. பாடி கட்ட வர்ற கட்சிக்காரங்க முன்னாடி அதத் தொறந்தா நம்மள மதிப்பாங்களா?" என்றார் அண்ணா.

முதலாளி பல வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் இருவர் வாதமும் அவருக்குப் புரியவில்லை என்பதைவிட, அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னத்துக்குச் சண்ட? ஒரே லோடு ஏத்தி ஒரே ரோட்டுல ரெண்டையும் ஓட்டுங்க. எது முந்துதோ அது நம்ம வண்டி. டீ குடிச்சுப்போட்டு வாரேன்."

லோடு என்றால், போர்வெல் லாரி ஒன்றின் முழு மாடல். ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு தகடும் உள்ளே இருக்கும். அதைத் திரையில் சுற்றிக் காட்ட வேண்டும், பிறகு பெயின்ட் அடித்த வண்டி போலவே ஒரு படம் எடுக்க வேண்டும்.

அண்ணா கை கழுவப் போன நேரத்தில் எனக்கு அந்தப் புத்தி வந்தது. லேப்டாப்பில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு கரண்ட் இருந்தால்தான் முழுப் பலத்தோடு ஓடும். பேட்டரியில் ஓடும்போது பாதி மூச்சில்தான் ஓடும். ஒர்க்ஸ்டேஷனின் சார்ஜர் செருகியிருந்த சுவிட்சை மெல்லத் தட்டி அணைத்தேன். ஒயர் செருகியபடியே இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நானும் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

முதலாளி வந்ததும் ஓட்டம் தொடங்கியது. நான் நினைத்தபடியே ஒர்க்ஸ்டேஷன் திணறியது. லாரியைத் திருப்பினால் துண்டு துண்டாகத் திரும்பியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் பார்த்தேன். என் லாரியும் அப்படியேதான் திரும்பிக்கொண்டிருந்தது! படம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு கால்வாசியைக்கூடத் தாண்டவில்லை.

"ரெண்டும் மேட்டுல ஏறாத வண்டியாவே இருக்குது. ரெண்டையும் திருப்பி அனுப்பிப்போடலாம். பழசே போதும்" என்று முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அண்ணா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அம்முணி, நீ ஏதாச்சும் பண்ணுனயா?"

"நீங்க என்ன பண்ணுனீங்க, அத மொதல்ல சொல்லுங்ணா."

அவர் தலையைச் சொறிந்தார். நான் முகம் கழுவப் போனபோது என் லேப்டாப்பை 'சத்தமில்லாத' நிலையில் வைத்துவிட்டாராம். விசிறி அடங்கும், சூடு குறையும், கூடவே கார்டும் தூங்கிவிடும். நான் சுவிட்சைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அவரோ மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் சூடேறுனாத்தானுங்க இது ஓடும். இன்னொருக்கா பாத்துரலாங்க" என்று அண்ணா சமாளித்தார்.

முதலாளி குனிந்து சுவிட்சைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"டீசல மூடிப்போட்டு வண்டி இழுக்கலீன்னு சொன்ன டிரைவருங்கள நான் நெறையாப் பாத்திருக்கறேன்" என்றார். எங்கள் சிரிப்பு அடங்கியது. "இப்ப இவரு வண்டிய நீ ஓட்டு சாமி. உன்ற வண்டிய அவரு ஓட்டட்டும். நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

நாற்காலியை இழுத்து எங்கள் நடுவில் போட்டுக்கொண்டார். நான் பிடிக்காத லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். சுவிட்சைப் போட்டதும் அதன் விசிறி இரைந்தது. அண்ணாவும் மற்றதில் 'சத்தமில்லாத' நிலையை எடுத்துவிட்டார். லாரியைத் திருப்பினேன். எண்ணெயில் சுழல்வது போலச் சுழன்றது. ஒரு கோடும் உடையவில்லை. போல்ட் ஓட்டைகள் தகட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தோற்க வேண்டிய இயந்திரம் என் கையிலேயே இவ்வளவு நன்றாக ஓடியது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்தப் பக்கம் அண்ணாவின் முகமும் அப்படித்தான் இருந்தது. கேமிங் கார்டு வண்டியின் படத்தை எனக்கு வெகு முன்பாகவே எடுத்து முடித்துவிட்டது. ஆனால் மாடலைச் சுற்றும்போது சில கோடுகள் மினுக்கின. பின்னால் இருக்க வேண்டிய ஓட்டை தகட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

"தெனம் உங்களுக்கு என்ன வேல? படம் எடுக்கறதா, அளவு பாக்கறதா?" என்றார் முதலாளி.

"அளவு பாக்கறதுங்க" என்றேன் நான். வேறு என்ன சொல்ல முடியும்?

"அப்ப பேச்சென்ன" என்று ஒர்க்ஸ்டேஷனைத் தட்டிக் காட்டிவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் அதைத் தூக்கிக்கொண்டு நானும் அண்ணாவும் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் வண்டிக்காரர் வீட்டுக்குப் போனோம். போல்ட் போல்ட்டாகப் பெரிதாக்கிக் காட்டினேன். தகட்டின் கனத்தை அண்ணா விளக்கினார். வண்டிக்காரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் திரையின் மேல் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் செரிதானுங்க. முன்னாடி எங்க கொலசாமி படம் எந்த எடத்துல வரும்?"

அங்கேயே உட்கார்ந்து கேபினின் நெற்றியில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினேன். அதைப் பார்த்தபின்தான் அட்வான்ஸ் கொடுத்தார்.