கஞ்சி போட்ட படக்கதை

ஏலவார்குழலியின் கையில் பழைய பேப்பர் அகப்பட்டால் அன்றைய வேலை கெட்டது. நெய்த சேலை தறிக் கட்டையில் சுருளும்போது ஜரிகை உரசக்கூடாதென்று இடையிடையே செய்தித்தாள் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பரணிலிருந்து அப்படி எடுத்த ஒரு தாளில்தான் ‘ஊசி உலகநாதன்’ கிடைத்தான். எப்போதோ நின்றுபோன ஒரு மாலைத் தினசரியில் நாளுக்கு மூன்று கட்டமாக வந்த படக்கதை. யார் துணி கொடுத்தாலும் தனக்கே சட்டை தைத்துக்கொள்ளும் தையற்காரன் அவன். அவள் சிரித்த சிரிப்பில் புருஷன் கதிர்வேல் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

அன்று பிடித்தது பைத்தியம். காயலான் கடை, பொட்டலக் கடை என்று அலைந்து, ஸ்கேனர் ஒன்று வாங்கி, இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி உலகநாதனை ஏற்றினாள். எங்கெங்கோ இருக்கும் ஆட்களெல்லாம் வந்து படித்தார்கள். தெருப் பெண்கள் மட்டும் வேலையற்றவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வேலை உள்ளவர்கள் எதைக் காப்பாற்றிக் கிழித்தார்கள்?

படம் போட்டவர் ஓரிக்கை பூவராகவன், போர்டு எழுதிப் பிழைத்தவர், இறந்துவிட்டார் என்று பக்கத்தைப் பார்த்த ஒருவர் எழுதினார். குழலி ஓரிக்கைக்குப் பஸ் ஏறிப் போனாள். அவர் மனைவி அன்னம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு தாள்கட்டைக் கொடுத்தாள். உலகநாதனின் கடைசி மாதங்கள், வேறெங்கும் கிடைக்காதவை.

“இதுல ஒரு பொண்ணு வரும் பாரு. பாவாடைய மடிச்சுத் தைக்க வந்துட்டு, கடைய விட்டுப் போவாம ஒக்காந்துக்கினு இருக்கும். அது எங்க பச்சையம்மா. ஆறு வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. போட்டோ ஒண்ணும் எடுக்கல. அதான் அவரு இதுல வரைஞ்சி வெச்சாரு. போன்ல போட்டா பெருசா தெரியுமாமே? எனக்குக் கண்ணு மங்கிக்கினே வருதும்மா. முழுசா போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடறேன்.”

“மொதல்ல அந்தப் பொண்ணதாம்மா போடுவேன்” என்றாள் குழலி.

வீட்டில் பிரித்தால் தாள் அப்பளமாக நொறுங்கியது. பட்டு இழையோடு மல்லுக்கட்டிப் பழகிய கைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், கஞ்சி. இளசாகக் கரைத்துத் தடவி வெயிலில் காயப்போட்டாள். தாள் விறைத்து நின்றது. குழந்தை வரும் கட்டங்களுக்கு மட்டும், பத்திரமாக இருக்கட்டும் என்று இன்னொரு பூச்சு கொடுத்தாள். முதலில் தெம்பு, பிறகு ஸ்கேன் என்று கணக்கு. போனிலாவது ஒரு படம் எடுத்து வைத்திருக்கக் கூடாதா, பாவி! அதற்குள் முகூர்த்தச் சேலை ஆர்டர் ஒன்று அவசரமாக வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. தாள்கட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுத் தறியில் உட்கார்ந்தாள்.

கஞ்சி போட்ட பாவு நூல் அந்த வீட்டில் பெட்டியில் கிடந்ததே இல்லை. காய்ந்ததும் தறி ஏறிவிடும். சும்மா கிடக்கும் கஞ்சியைத் தேடி என்னென்ன வரும் என்று யோசிக்க அவளுக்கு ஒருநாளும் வேளை வரவில்லை.

சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் விருந்தை முடித்திருந்தன. உலகநாதன் அங்கங்கே தப்பியிருந்தான், ஒரு காது, அரைக் கத்தரிக்கோல் என்று. கஞ்சி கனத்த இடத்தைத்தான் அவை ருசித்துத் தின்றிருந்தன. குழந்தை இருந்த கட்டமெல்லாம் ஓட்டை.

“வேற எதுனா கொழந்த படத்தக் காட்டிடு. அந்தம்மாவுக்கு எங்க தெரியப்போவுது?” என்றான் கதிர்வேல். அவளுக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றியது. தோன்றியதற்காகவே தன்மேல் அருவருப்பு வந்தது.

மறுபடி ஓரிக்கைக்குப் போய்ச் சொன்னாள். “பூச்சி தின்னுடுச்சும்மா. நான்தான் கஞ்சி தடவிக் கெடுத்துட்டேன்.”

அன்னம்மாள் காலித் தகரப் பெட்டியைத் தடவிப் பார்த்து மூடினாள். திட்டியிருந்தால் குழலி பிழைத்திருப்பாள்.

“தொட்டா பொடிஞ்சிடும்னு நானே இத்தினி வருஷமா பிரிக்காம வெச்சிருந்தேன்” என்றாள். பிறகு துழாவிக் குழலியின் கையைப் பிடித்தாள். “எனக்கு மறந்துபோயிடுச்சும்மா. கடைசியா பாத்தவ நீதான். எப்படி இருந்துது, சொல்லு.”

குழலி நினைத்துப் பார்த்தாள். எந்தத் தாளில் எந்த மூலை கிழிந்திருந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவாள். படத்தைத் திரையில் பெரிதாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சரியாகப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

“ரெட்ட சடை... ரிப்பன் கட்டிக்கினு...”

“அது எனக்கே தெரியும்மா” என்றாள் அன்னம்மாள். “மூஞ்சியச் சொல்லு.”