காதுக்கார மெக்கானிக்

கொட்டகையைப் பெருக்குவது அவரேதான். முதலில் தண்ணீர் தெளிப்பார். பிறகு எந்த வண்டி எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று குனிந்து பார்த்தபடி, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பெருக்கிக்கொண்டே போவார். மனைவி துடைப்பத்துக்குக் கை நீட்டினால் தர மாட்டார். "நீ பெருக்கினா தரை சுத்தமாயிடும். அப்புறம் எனக்கு யாரு சேதி சொல்றது?" என்பார்.

தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வண்டி முனை திரும்பும்போதே, உள்ளே உட்கார்ந்தபடி "முன்சக்கரம், இடது பக்கம், பேரிங் போச்சு" என்று சொன்ன காலம் உண்டு. வண்டிக்கு என்ன என்று வருகிறவர்கள் விளக்கக் கூடாது; அது போடும் சத்தத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். இதனால் எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்தக் கொட்டகையில் நின்று உறுமியிருக்கிறார்கள், கனைத்திருக்கிறார்கள். கல்லூரி முதல்வர் ஒருவர் கழுத்தில் டையோடு பூனை மாதிரிக் கத்தியதை நானே பார்த்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மூக்கால, சார்" என்று திருத்தினார்.

இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை. பேசுகிறவர்களின் உதட்டையே பார்க்கிறார்.

என்னுடையது டர்போ வைத்த கார். அன்று காலை லாரி ஒன்றை முந்தப் போனபோது, தலையணையை மிதித்தது போல் ஆகிவிட்டது. கால் கீழே போகிறது, கார் போகவில்லை. எதிரே பேருந்து வருகிறது. பிரேக்கை அழுத்தி, லாரிக்குப் பின்னால் எப்படியோ ஒண்டிக்கொண்டேன். முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு. ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஓடியது.

"காருக்கு மூச்சு வாங்குது தம்பி" என்றேன்.

"மெதுவாப் போறப்ப?"

"ஒண்ணும் இல்ல. மேட்டுல ஏறினா, வேகமா மிதிச்சாத்தான்."

"அப்ப வாங்கலக்கா. வாங்கின மூச்சை எங்கயோ விடுது. அது வேற, இது வேற." பானெட்டைத் திறந்து ரப்பர்க் குழாய் ஒன்றைத் தட்டினார். "டர்போன்னா பெரிசா ஒண்ணுமில்ல. வெளிய போற புகை ஒரு காத்தாடியச் சுத்தும். அது இன்னொரு காத்தாடியச் சுத்தி, இஞ்சினுக்குக் காத்தை ஊட்டி விடும். ஊட்டியே வளத்த பிள்ளை. நடுவழியில சோறு சிந்திச்சுன்னா பாதி வயித்தோட எப்படி ஓடும்?"

காற்று வடிகட்டியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தம். டர்போவைத் திறந்து மூடும் தண்டை விரலால் அசைத்தார். தடங்கல் இல்லை. குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார், பழக்கடையில் பழம் பார்ப்பவரைப் போல, அவசரமே இல்லாமல். மதியம் ஆகியிருந்தது. தகரக் கூரையின் ஆணித்துளைகள் வழியே வெயில் நூல் நூலாக இறங்கி அவர் முதுகில் ஊர்ந்தது. கொட்டகையே தண்ணீருக்கடியில் இருப்பது போலிருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வீடு. வாசற்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் அவர் மனைவி. குரல் எப்போதுமே மெல்லிசு அவளுக்கு.

"நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். வர்றேன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல."

"அவ்வளவு மோசமா?"

"இஞ்சின் பேசறது கேக்குதுக்கா. நான் பேசறதுதான் கேக்கறதில்ல. அதுகூடப் பரவாயில்ல, பாதி நாள் சண்டை மிச்சம். போன வாரம் வண்டிக்கு அடியில படுத்திருக்காரு, ஜாக்கி உஸ்ஸுனு இறங்குது. கண்ணைத் திறந்துகிட்டுப் படுத்திருக்காரு, அசையல. ஓடிப்போய்க் காலைப் பிடிச்சு இழுத்தேன். முட்டி சிராய்ச்சிடுச்சுன்னு ரெண்டு நாள் பேசல." முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "நான் எல்லா நேரமும் இங்கயே நிக்க முடியுமா?"

இந்தப் பேச்சு நடந்தது அவருக்கு ஐந்தாறு அடி தள்ளித்தான். அவர் திரும்பவில்லை.

இஞ்சினை அணைத்தார். காற்று புகும் வாயைத் தானே செய்த மூடி ஒன்றால் அடைத்து, அதில் கம்ப்ரஸர் குழாயைச் செருகி, உள்ளே மெல்லக் காற்றை ஏற்றினார். தளர்ந்து கிடந்த ரப்பர்க் குழாய்கள் தூக்கத்தில் நெஞ்சு விரிவது போல விரிந்தன. பிறகு கம்ப்ரஸரையும் நிறுத்திவிட்டு, எங்களைப் பார்த்து விரலைத் தூக்கினார். "யாரும் பேசக் கூடாது."

எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில், மெல்லிய நூல் போல, ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். படியில் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது, ரேடியேட்டருக்குக் கீழே, வலப்பக்கத்திலிருந்து. அவளுக்கும் கேட்டது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோயில் கர்ப்பகிரகத்துக்கு முன் நிற்பவரின் பணிவு.

"சத்தமே இல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, இடப்பக்கம் போய்க் குனிந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியிருந்தது.

அவர் கையைத் தண்ணீரில் நனைத்து வலக்கன்னத்தில் தடவிக்கொண்டார். முகத்தைக் குழாய்களுக்கு ஒட்டினாற்போல் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தார். உறங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கும் தாய் இப்படித்தான் குனிவாள். வளைவுகளில் நின்றார், மறுபடி நகர்ந்தார். எங்களுக்குப் பக்கத்திலேயே கேட்ட அந்தச் சத்தத்தை அடைய அவருக்கு வெகுநேரம் ஆனது. ரேடியேட்டருக்குக் கீழே வந்ததும் கண் இமைத்தார். ஈரக் கன்னத்தில் குளிர் பட்டிருக்க வேண்டும்.

"வாடி என் ராசாத்தி" என்றார்.

சோப்புத் தண்ணீரை அங்கே ஊற்றினார். குழாயின் அடிவயிற்றில் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. அதிலிருந்து கழன்ற குமிழிகள் இரண்டு மூன்று, வெயில் நூல்களுக்குள் ஏறி, நிறம் மாறி, கூரை வரை போயின. ஒரு குமிழி அவர் தலைமேலேயே வெகுநேரம் நின்றது. நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவரும், வேறெதையோ நினைத்தபடி அவளும்.

குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பார்த்தால் நல்ல குழாய். வளைத்தால்தான் கீறல் வாய் திறந்தது. "சும்மா இருக்கறப்ப வாயை மூடிக்கும். அழுத்தம் ஏறினாத்தான் திறக்கும். பொல்லாத ஜாதி." புதுக்குழாய் மாட்டி, அவரே மேட்டுச்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஓட்டியபோது இருக்கையோடு முதுகு ஒட்டிக்கொண்டது.

டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்குள் உட்கார வைத்தார். ஆள் பறந்துகொண்டிருந்தார்.

"காது டாக்டராம். செவிட்டுப் பய கண்டுபிடிக்கற ஓட்டையாக்கா அது? நீங்களே சொல்லுங்க."

நான் டீயை ஊதினேன்.

"உங்களுக்குக் கேக்கலேன்னு யாரு சொன்னா?" என்று அவள் அவருக்கு நேரே வந்து நின்று சொன்னாள். "எது கேக்கலேன்னு பாத்துக்கலாம்னு சொன்னேன்."

"பாத்துக்கலாமே. இப்பவே பாத்துக்கலாம். சமையல்கட்டுக் குழாய் சொட்டுது சொட்டுதுன்னு உயிரை எடுத்தியே, காலையில வாஷர் மாத்தினேன். இப்ப சொட்டுதா? சொட்டுதுன்னா நாளைக்கு உன் பின்னாடி வர்றேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விடணும். அக்கா சாட்சி."

உள்ளே, தொட்டியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டின் மேல் சொட்டு விழுந்தது. டிங். கொஞ்ச நேரம். மறுபடி, டிங்.

அவர் காலை ஆட்டிக்கொண்டு, புருவத்தை உயர்த்தி அவளையே பார்த்தார். "சொல்லு. நின்னுடுச்சா இல்லையா?"

அவள் என் டம்ளரையும் அவர் டம்ளரையும் வாங்கிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள்.

"பாத்தீங்களா? பதிலே இல்ல" என்று அவர் சிரித்தார்.

உள்ளறையில் பீரோ திறந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், கதவுக் கொக்கியில் அவருடைய நல்ல சட்டை ஒன்றை மாட்டி, காலரை நீவிவிட்டுப் போனாள்.