சாப்பாட்டுக்கு முன்

ஒரு வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் இன்னொருவருக்குப் படிப்பு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் சர்க்கரை அவருக்கு, படிப்பு எனக்கு. டாக்டர் சீட்டைக் கையில் கொடுத்தால் இன்றைக்கு நான் தடங்கலில்லாமல் படிப்பேன். ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் பின். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதெல்லாம் லத்தீன் பாஷை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். என்ன பாஷையாக இருந்தால் என்ன, மாத்திரை மாறாமல் இருந்தால் சரி.

என் வீட்டுக்காரர் பெரிய கோயிலில் குருக்கள். அவருக்கு இந்த எழுத்துகள்மேல் பெரிய மரியாதை. "நம்ம பீஜாட்சரம் மாதிரிதான். ஓரெழுத்துல எல்லாம் அடங்கிடறது பார்" என்பார். மரியாதை வைத்தவர், அர்த்தத்தை இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். விசாரிக்க மாட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வது அவர் சுபாவம். கல்யாணமான புதிதில், "சாதம் குழையாமல் பார்த்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வெண்கலப் பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதம் அவர் கண்ணெதிரே களியாகியிருந்தது.

அவருக்கு முதலில் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை ஓ.டி., ஏ.சி. மருந்துக்கடையில் உறைமேல் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று தமிழில் எழுதியும் கொடுத்தார்கள். சாதாரண நாட்களில் எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொள்வார், நான் உடனே இட்லியை வைப்பேன். ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கோயிலில் பூஜை செய்யும் முறை வரும் நாட்கள் வேறு. இருட்டோடு குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். உச்சிக்கால பூஜை முடிகிறவரை வாயில் ஒன்றும் படாது. காபிகூடக் கிடையாது. அவர் அப்பாவும் அப்படித்தான் இருந்தாராம், அதனால் இவரும். மற்றவர்கள் யாரும் இவ்வளவு கெடுபிடி பார்ப்பதில்லை. இவருக்குப் பிடித்தால் ஒரே பிடி.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த முதல் முறை நாளில் நடந்தது இது. உச்சிக்காலம் கழிந்து ஓர் ஆட்டோ வாசலில் நின்றது. அவர் தம்பி அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். வேஷ்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கை நடுங்கித்து மன்னி. அண்ணா தூண்ல சாஞ்சுட்டான். வாயில ஒரு உருண்டை பொங்கலைப் போட்டுக்கோன்னு கெஞ்சினேன். பூஜை முடியட்டும்னு பல்லைக் கடிச்சுண்டு உக்காந்திருந்தான். முடிஞ்சப்புறம்தான் வாயைத் திறந்தான்" என்றார் தம்பி.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. பயந்துபோனால் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டில் ஆட்டோக்காரர் காசு வாங்காமலே கிளம்பப் பார்த்தார்.

மறுநாள் ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் இருக்கிற டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயது, முஸ்லிம் பெண். அவளுடைய அப்பாவுக்குத் தேரடியில் துணிக்கடை; அத்தா என்று கூப்பிடுவாள். அவரிடம்தான் நாங்கள் வருஷா வருஷம் வேஷ்டி எடுப்போம்.

"நேத்து காலையில என்ன சாப்டீங்க சாமி?"

"ஒண்ணும் இல்லை. முறை."

"மாத்திரை?"

"அது விடியறதுக்கு முன்னாடியே போட்டுண்டுட்டேன்." குரலில் ஒரு பெருமை. "நீங்க சாப்பாட்டுக்கு முன்னுதானே எழுதியிருக்கேள்? முன்னாலதான் போட்டேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எவ்ளோ நேரம் முன்னாடி?"

"அது உச்சிக்காலம் எப்போ முடியறதோ, அதைப் பொறுத்தது."

அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "நான்தான் கேட்டிருக்கணும். முன்னாடின்னா ஒரு அரை மணி நேரம் சாமி. மாத்திரை உள்ள போனா சாப்பாடு வருதோ இல்லையோ, அது பாட்டுக்குச் சர்க்கரையைக் கம்மி பண்ணிட்டே இருக்கும். வயிறு காலின்னா ரொம்ப இறங்கிடும். நேத்து மயங்கி விழாதது உங்க நல்ல நேரம்."

பிறகு ஒரு புதுச் சீட்டை எடுத்தாள். "எங்க அத்தாவுக்கும் சர்க்கரைதான். நோன்பு மாசத்துல அவருக்குத் தனியா எழுதுவேன். உங்களுக்கும் முறை நாளுக்குன்னு தனிச் சீட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். காலை மாத்திரை கிடையாது. உச்சிக்காலம் முடிந்து இலையில் உட்காரும்போது பாதி மாத்திரை. 'உச்சிக்காலம்' என்று தமிழிலேயே எழுதியிருந்தாள். ஒரு டாக்டர் சீட்டில் அந்த வார்த்தையைப் பார்த்தபோது எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆனால் சிக்கல் அதோடு தீரவில்லை. "இதுக்கு மேலயும் எப்பவாவது நடுக்கம் வந்தா, உடனே இனிப்பா எதையாவது வாயில போட்டுக்கணும். பூஜை நடுவுல இருந்தாலும் சரி" என்றாள்.

"அது முடியாது" என்றார் இவர்.

"விழுந்துடுவீங்க சாமி. உயிருக்கே ஆபத்து."

"விழுந்தா விழறேன். அவன் சந்நிதியிலதானே."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சந்நிதியில விழுந்துடுவேள். நான் எங்கே போய் விழறது?" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சரி என்று மட்டும் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் அவருக்கு நான், எனக்கு அவர். இந்தப் பிடிவாதம் அவரைக் கொண்டுபோய்விடும் என்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

டாக்டர் சீட்டை எங்கள் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சாமி, ஒரு சந்தேகம். காலையில மாத்திரை போட்டீங்களே, அதனால விரதம் கெட்டுப் போகலையா?" என்று கேட்டாள்.

"ஔஷதம் ஆகாரத்துல சேராது. மருந்துக்குத் தோஷமே இல்லை."

அவள் சீட்டைத் திருப்பி எடுத்து, கடைசி வரியில் பெரிதாக ஒன்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போட்டாள். கல்கண்டு, எஸ்.ஓ.எஸ். "எழுதிட்டேன். இனிமே இது மருந்து."

இவர் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எஸ்.ஓ.எஸ்.னா?" என்றார்.

"வேணுங்கறபோது. மறுபேச்சு பேசாம" என்றேன்.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் சீட்டை நீட்டினார். கடைக்காரர் மேலிருந்து கீழே படித்துவிட்டு, "கல்கண்டு நம்மகிட்ட இல்லைங்க, பக்கத்து மளிகைக் கடையில வாங்கிக்கோங்க" என்றார். இவர் நகரவில்லை. மளிகைக் கடையில் வாங்கி வந்து, மருந்து உறையில் போட்டு, மேலே எழுதித் தரச் சொன்னார். அந்த மனிதரும் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். இந்த ஊரில் நல்லவர்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து முறை நாட்களில் அந்த உறை இடுப்பு மடிப்பில் போகும், அப்படியே திரும்பி வரும். நான் ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பார்ப்பேன்.

இந்த மார்கழியில் ஒரு நாள், உச்சிக்காலத்துக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். பாதி பூஜையில் எழுந்து வருகிற மனிதர் இல்லை. கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினேன்.

"என்னாச்சு?"

"நடுங்கித்து. வெளியில வந்து கல்கண்டைப் போட்டுண்டேன். சரியாயிடுத்து. மீதியைத் தம்பி பார்த்துக்கறான்."

ஒரு பக்கம் உயிர் வந்தது. இன்னொரு பக்கம் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேற்றலாம் என்று, "மருந்துதானே போட்டுண்டேள்? அதுக்குத் தோஷம் இல்லையே. திரும்ப உள்ளே போயிருக்கலாமே" என்றேன்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "மருந்தாவது! கல்கண்டு எது, ஔஷதம் எதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு பாவம், அவ்வளவு மெனக்கெட்டு எழுதித் தந்தா. ஆகாரம்னு தெரிஞ்சுதான் சாப்ட்டேன். சாமி எதிர்க்க நின்னுண்டு உன்னை நினைச்சேன். வெளியில வந்துட்டேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இலையைப் போட்டு, அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அடுக்களைக்குள் போய் அழுதேன்.