மாடிக் கடலில் சித்தியைப் பெண் பார்த்தது

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது தூத்துக்குடியில் கடலுக்கு அடியில் போக வேண்டுமென்றால் மாடிப்படி ஏற வேண்டியிருந்தது. கீழே செருப்புக்கடை, மேலே அந்த ஹோட்டல். சுவரெல்லாம் நீலம். கூரையிலிருந்து பிளாஸ்டிக் பாசி தொங்கும். மூலைக்கு மூலை மீன் தொட்டி. நடு ஹாலில் ஆட்டோ அளவுக்கு ஒரு சிப்பி, வாயை மூடிக்கொண்டு கிடக்கும். பரிமாறுகிறவர்கள் தலையில் கணவாய் மாதிரித் தொப்பி, அதிலிருந்து எட்டுக் கைகள் தொங்கும். தினமும் கடல் காற்றில் வேட்டி காயப்போடுகிற எங்கள் ஊர்க்காரர்கள், அந்தக் கடலைப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செருப்புக்கடை வாசல் வரைக்கும் வரிசையில் நின்றார்கள்.

அங்கே வைத்துத்தான் எங்கள் சித்தியைப் பெண் பார்த்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே இருந்து, தெருப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரியைத் தின்றுவிட்டு "சொல்லி அனுப்புதோம்" என்று போனார்கள். சொல்லி அனுப்பியவர்கள் யாருமில்லை. மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் தெருவே அம்மாவைப் பிடித்துக்கொள்ளும். "என்னளா, வந்தவங்க என்ன சொன்னாவ?" இதைக் கேட்டுக் கேட்டு சித்தி குழாயடிக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அதனால் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவருக்கு யோசனை வராத நாள் கிடையாது.

"வீட்டுல வச்சாத்தான ஊருக்குத் தெரியும்? ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனோம், அங்கன அவங்களும் வந்தாங்க, அவ்வளவுதான். சரியா வந்தா கல்யாணம். வரலைன்னா சாப்பாடு."

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாண காரியத்தைக் கணவாய்த் தொப்பிக்காரன் முன்னால பேசணுமாக்கும்?" என்றார். ஆனால் சித்தி சரி என்று தலையாட்டிவிட்டாள். அம்மா வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள். நான் ஐஸ்கிரீமுக்காக ஜெபம் பண்ணினேன். சிப்பியில் வைத்துத் தருவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளத்துப் பக்கம். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எங்கள் ஊரிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருடைய அப்பா கோயில் கமிட்டியில் பல வருஷம் இருந்தவர், ஜெபத்துக்குப் பேர்போனவர். அவருடைய அம்மா எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புகிறவர் என்று தரகர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

நேரில் பார்க்கத்தான் அங்கே வழியில்லாமல் போயிற்று. சித்தி மாம்பழ நிறத்தில் பட்டு கட்டியிருந்தாள். படியேறி உள்ளே போனதும் அந்த நீல வெளிச்சத்தில் பட்டு பாசி நிறமாகிவிட்டது. சித்தியின் முகம் நீலம், என் கை நீலம், மாமாவின் பல்கூட நீலம். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடியும் கழற்றித் துடைத்துப் போட்டார். கடைசியில் கணவாய்த் தொப்பிக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன டார்ச்சு லைட்டு கெடைக்குமா?"

"எதுக்கும்மா?"

"பொண்ணு பாக்கணும்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா மேஜைக்கடியில் அவளைக் கிள்ளினாள். மாப்பிள்ளை மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. இருமல் போலும் என்று நினைத்தேன்.

சாப்பாடு வர ஒரு யுகமாயிற்று. வந்தபோது, ஏன் வந்தது என்றிருந்தது. நாண் ரொட்டி சாக்குத் துண்டு மாதிரி இழுத்தது. குழம்பில் தொப்பியின் ஒரு கை தோய்ந்து, மாமாவின் சட்டையில் கோடு போட்டது. நான் கேட்ட ஐஸ்கிரீமுக்குப் பதிலாகச் சூப்பு வந்தது. அப்பா சீலா மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"மச்சான், கரையில இவ்வளவு மீனு கெடக்கு. இவன் எங்கேருந்துல இத எடுத்துட்டு வந்தான்?"

"மெதுவாப் பேசுங்க அத்தான். சம்பந்திமார் இருக்காவ."

"இன்னும் சம்பந்தி ஆகல" என்றார் அப்பா.

அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஜெபம் பண்ண எழுந்தார். உட்கார்ந்து ஜெபிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. உலகத்துக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், கடலில் இருக்கிறவர்களுக்காக ஜெபித்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஆறியிருந்த நாண் இப்போது விறைத்தே போயிற்று. முடிவில் குரலை உயர்த்தி, "ஆண்டவரே, இந்தக் காரியம் உமக்குச் சித்தந்தானா என்று இந்த இடத்திலேயே எங்களுக்கு ஒரு அடையாளம் காட்டும்" என்றார்.

இடி இடித்தது.

விளக்கெல்லாம் அணைந்தது. எங்கிருந்தோ ஊ என்று காற்று அடித்தது. கூரையிலிருந்து எங்கள் தலையில் தண்ணீர் தூறியது. அந்த ஹோட்டலில் அடிக்கடி ஒரு புயல் வரும், பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஆனால் அது எங்கள் யாருக்கும் தெரியாது. மாமாவுக்குத் தெரியும், சொல்ல மறந்துவிட்டார்.

விளக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடையாளம் கெடச்சாச்சு. கெளம்புங்க."

"அக்கா, அக்கா, அது மிஷின் இடி" என்று மாமா எழுந்தேவிட்டார். "ஒரு பையன் உள்ள உக்காந்து சுவிச்சுப் போடுதான். எல்லாருக்கும் இடிக்கும்."

"மிஷின் இடிச்சா என்ன, வானம் இடிச்சா என்ன? கேட்ட நேரத்துல இடிச்சிருக்குல்லா?"

மாமா மெல்ல உட்கார்ந்துவிட்டார். சித்தி தலையைக் குனிந்து, ஈரமான பட்டுச் சேலையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் அழுகிறாளா, முகத்தில் இருப்பது தூறல் தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மேனேசரைக் கூப்பிடுங்க."

மேனேஜர் வந்தார். மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. கிரேன் கொக்கியை இறக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக மெதுவாக இறக்கினார். நாண் ஆறியிருக்கிறது. மீன் பழையது. அந்த அண்ணாச்சி சட்டையில் குழம்பு. பெரியவர்கள் நனைந்துவிட்டார்கள். இந்தப் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டது, சூப்பு வந்திருக்கிறது. என் சூப்பு அவர் கண்ணில் பட்டதில் எனக்கு ஆச்சரியம்.

"விடுலே, போவோம்" என்றார் அவர் அம்மா.

"எப்படிம்மா விட? பட்டினியா அனுப்புதாங்க. இதுக்கு ஒரு வழி பண்ணாம நான் எந்திரிக்க மாட்டேன்."

மேனேஜர் கையைப் பிசைந்தார். பில் வேண்டாம், அடுத்த ஞாயிறு எங்கள் விருந்தாளியாக வாருங்கள் என்றார். மாப்பிள்ளை அதோடு விடவில்லை. "நாங்க மட்டுமில்ல. இந்த மேசையில இன்னைக்கு இருந்த எல்லாரும். ரெண்டு குடும்பமும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி வாக்கு வாங்கினார்.

வீடு வந்து சேரும்வரை எனக்குச் சித்தியை நினைத்து நிம்மதியாக இருந்தது. ஆறிப்போன நாணுக்கு இவ்வளவு சண்டை போடுகிற ஆளைக் கட்டியிருந்தால், தினமும் வீட்டில் தோசைக்கு எவ்வளவு சண்டை வரும்!

சித்தி பட்டை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, "இனிமே நான் யாரு முன்னாலயும் போய் நிக்க மாட்டேன்க்கா" என்றாள். அம்மா அவள் தலையைத் துவட்டிவிட்டாள். அந்த வாரம் வீட்டில் ஜெப நேரத்தில் சித்தி முறை வந்தபோது அவள் வாய் திறக்கவே இல்லை. அம்மாதான் அவளுக்கும் சேர்த்து ஜெபித்தாள்.

சாத்தான்குளத்திலிருந்து தகவல் வந்தது: "வாரோம். ஆனா சாப்பாடு வேற, சம்பந்தம் வேற. ஆகாரத்தை வேண்டாம்னு தள்ளக் கூடாதேன்னு வாரோம்."

இனி நிற்க மாட்டேன் என்ற சித்திதான் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் தலைசீவி, அதே பட்டைக் கட்டி நின்றாள். அவளுக்கும் அந்த ஐஸ்கிரீம் மேல் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போகும்போது மாப்பிள்ளை எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். நடு ஹாலில் சிப்பிக்குப் பக்கத்தில் சுவிச்சுப் பையனோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு வந்து, யார் எங்கே உட்காருவது என்று அவரே சொன்னார். சித்தியைச் சிப்பியைப் பார்த்த மாதிரி உட்காரவைத்தார். அவர் அம்மாவுக்குச் சித்தியின் எதிர் நாற்காலி.

அன்றைக்கு அந்த ஹோட்டலா இது என்று இருந்தது. நாண் உப்பி, ஆவி பறக்க வந்தது. சீலா மீனைக் கண்டதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவரைப் பொறுத்தமட்டில் அதுதான் பாராட்டு. கணவாய்க் கைகளையெல்லாம் முதுகுப்பக்கம் ரிப்பனால் கட்டிவிட்டிருந்தார்கள். எனக்குச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சிப்பிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வந்தது, கேட்காமலே இன்னொன்றும் வந்தது. மாமா பயந்துபோய், "தம்பி, புயல் எப்போ?" என்று விசாரித்தார். "இன்னைக்குப் புயல் ரிப்பேர் அண்ணாச்சி" என்றார் தொப்பிக்காரர்.

ஆனால் வெளிச்சம் மட்டும் அதே நீலம். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை, மீனைத்தான் பார்த்தார். "போன தடவை மாதிரி இல்ல, நல்லாருக்கு" என்றார். அம்மா சாப்பிடவே இல்லை. முறிந்துபோன காரியத்துக்கு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவாள்?

"சாப்பிட்டுட்டு ஜெபம் பண்ணுங்க, ஆறிரும்" என்று மாப்பிள்ளையின் அம்மா முன்னாலேயே உத்தரவு போட்டிருந்ததால், தட்டையெல்லாம் எடுத்த பிறகுதான் பெரியவர் எழுந்தார். உண்ட உணவுக்கு நன்றி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், அவரால் முடியவில்லை. "ஆண்டவரே, போன வாரம் நாங்கள் அவசரப்பட்டிருந்தால், அதையும் நீரே தெரியப்படுத்தும்" என்றார்.

கிர்ர்ர் என்று சத்தம் கேட்டது. நடு ஹாலில் அந்தச் சிப்பி மெல்ல வாயைத் திறந்தது. உள்ளே பூசணிக்காய் அளவு முத்து. அதிலிருந்து பால் மாதிரி வெள்ளை வெளிச்சம் பாய்ந்து, நேராகச் சித்தியின் முகத்தில் விழுந்தது. பாசிப் பட்டு மாம்பழப் பட்டாயிற்று. யாருக்கோ பிறந்தநாள் என்று பாட்டும் கேட்டது, அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சித்தியை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டியது.

"ஸ்தோத்திரம்! ஏளா, இவ்வளவு லட்சணமாவா இருக்க நீ?"

அப்பா, "அது மிஷின்..." என்று ஆரம்பித்தார். மாமா அவர் காலை மிதித்தார்.

"கேட்ட நேரத்துல தொறந்திருக்குல்லா" என்றார் அந்த அம்மாள். பேச்சு அங்கேயே முடிந்தது. வைகாசியில் கல்யாணம்.

இத்தனை வருஷமாகச் சித்தியும் சித்தப்பாவும் நன்றாக வாழ்கிறார்கள். ஆண்டவர்தான் அன்றைக்கு அந்தச் சிப்பியைத் திறந்தார் என்று நான் இன்றைக்கும் விசுவாசிக்கிறேன். யார் கையைக் கொண்டு திறந்தார் என்பதுதான் எனக்குத் தெரிய நாளாயிற்று. கல்யாணத்துக்கு வெகுநாள் கழித்து சித்தப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்கப் போனேன். அங்கே கப்பலடியில் நின்ற ஒருவர் ஒற்றை விரலை உயர்த்திக் காற்றில் வட்டம் போட்டார். மேலே இருந்த கொக்கி உடனே சரக்கைத் தூக்கியது. நான் வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் அந்த வட்டத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறப்பது பாவம் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் அந்த இரண்டாவது ஞாயிறு, மிச்ச ஐஸ்கிரீம் உருகுகிறதா என்று பார்க்க நான் ஒரு கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளை இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, தலைக்கு மேல் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கொசு விரட்டுகிறார் என்று நினைத்தேன். ஜெபத்தில் கண் திறக்கிற ஆளுக்கா எங்கள் சித்தியைக் கொடுக்கப்போகிறார்கள்? யாரிடமாவது சொல்ல வேண்டும், சொன்னால் நீ எப்படிப் பார்த்தாய் என்று அம்மா கேட்பாள். தவித்துப்போய்ச் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

சித்தியும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இரண்டு பேருக்கும் ஒரே பாவம், ஒரே வீட்டில் இருந்துகொள்ளட்டும். நான் அவசரமாகக் கண்ணை மூடி, அவர்கள் இரண்டு பேரையும் மன்னிக்கும்படி ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டேன்.