லெட்யூஸ் குளித்த நல்ல தண்ணீர்

சென்னையிலிருந்து என் மச்சினன் இன்று ஒரு கட்டு லெட்யூஸ் கீரையோடு வந்தான். இப்போதெல்லாம் மதியம் சாலட்தானாம்.

எங்கள் பாம்பனில் நல்ல தண்ணீர் குழாயில் எப்போதாவதுதான் வரும். குடிக்கப் பிடித்துவைத்த குடத்திலிருந்து எடுத்து, மனைவி ஒவ்வொரு இலையாக மூன்று முறை அலசினாள்.

நான் உப்புத் தண்ணீரில் குளித்திருந்தேன். சோப்பு நுரைக்கவே இல்லை. தலை அலச ஒரு சொம்பு கேட்டேன்.

"அதெல்லாம் முடியாது. கீரையில கிருமி இருக்கும்."

"என் தலையிலயும்தான் இருக்கும்."

"கீரையப் பச்சையாத் திங்கணும். உங்களையுமா திங்கப் போறோம்?"

சாப்பிட உட்கார்ந்த மச்சினன், "அக்கா, இந்த இலையில லேசா மண்ணு இருக்கே" என்றான்.

நான்காவது குளியல்.

பிசுபிசுத்த தலையோடு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இலைமேல் பொறாமைப்பட்டவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?