மூடுபனியில் நிற்காத பேண்ட்

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். சேலத்திலிருந்து மலையேறி வேலைக்குப் போன புதிது. சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பேன் என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொல்லிவைத்திருந்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு பேண்ட் வாத்தியக் குழு இருந்தது. கிளாரினெட், டிரம்பெட், மடியில் அணைத்துப் பிடிக்கிற பெரிய பித்தளைக் குழலான யூஃபோனியம், டிரம்கள் எல்லாம் உண்டு. பட்டாளத்தில் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷம் விளையாட்டு விழா நெருங்கும்போது அவர் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, விழா முடியும்வரை பேண்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆர்மோனியத்துக்கும் டிரம்பெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

விழாவில் பிள்ளைகள் அணிவகுத்து வரும்போது வாசிப்பதற்கென்று ஒரு பெரிய மார்ச் இசை வழக்கமாக இருந்தது. கம்பீரமான இசைதான். ஆனால் டிரம்பெட்காரர்கள் முதலிலிருந்து கடைசிவரை மூச்சு வாங்காமல் ஊத வேண்டும். பாதி தாண்டுவதற்குள் அவர்கள் உதடு வீங்கிவிடும். மற்றவர்களுக்கோ பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. ஒத்திகைக்கு வருகிற முகங்களைப் பார்த்தால் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பது போல இருக்கும்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து நான் கிளம்பிய பிறகு, அறைக்குள்ளிருந்து வேறொரு சத்தம் கேட்டது. சில பிள்ளைகள் போகாமல் இருந்து, தங்களுக்குள் சிரித்துக்கொண்டு எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்க் கேட்டேன். அதுவும் ஒரு மார்ச்தான், சின்னது. கிளாரினெட்டில் துள்ளிக்கொண்டு ஆரம்பிக்கும். பிறகு டிரம்பெட் அதை வாங்கிக்கொள்ளும். நடுவில் எல்லோரும் அடங்கிவிட, யூஃபோனியமும் மற்றப் பெரிய குழல்களும் மட்டும் பாடும். கடைசியில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

யூஃபோனியம் ஊதுகிற பையன் மாரமங்கலத்துக்காரன். ஒல்லியாக இருப்பான். அவன்தான் சொன்னான்: "இதுலதாங்க டீச்சர் எனக்கும் பாட்டு வருது. அந்தப் பெருசுல நான் பூம் பூம்னு மட்டுந்தானுங்க ஊதறேன்."

அன்று ராத்திரி முழுவதும் அதே யோசனை. மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய், இந்த வருஷம் சின்ன மார்ச்சையே வாசிக்கலாமா என்று கேட்டேன். பிள்ளைகளை வரச்சொல்லி வாசிக்கவைத்துக் கேட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறவேயில்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர். ஆனா விளையாட்டா இருக்குது. சீஃப் கெஸ்ட் வர்ற நேரத்துக்கு இது எடுபடுமா?"

"பெருசை வாசிச்சா பாதியில நின்னுடும் சார். இதைப் பிள்ளைங்க ஆசையா வாசிக்கிறாங்க."

"சரி, உங்க பொறுப்பு" என்றார். அந்த வார்த்தை விழாவரைக்கும் என் காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் ஒத்திகை அறை மாறிவிட்டது. நான் போவதற்குள் பிள்ளைகள் வந்து காத்திருப்பார்கள். சில நாளிலேயே இசைத்தாளைப் பார்க்காமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விழா அன்று மத்தியானம் வானம் வெளுத்திருந்தது. அணிவகுப்பு நன்றாகவே நடந்தது. முதல் வரிசையில் வந்த சின்னப் பிள்ளைகளின் கால்கள் தாமாகவே தாளத்துக்கு வந்துவிட்டன. சிறப்பு விருந்தினர் நாற்காலியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கடைசிப் போட்டி பெண் பிள்ளைகளுக்கான நெடுந்தூர ஓட்டம். மைதானத்தில் புறப்பட்டு, பக்கத்துக் காப்பி எஸ்டேட் பாதையில் ஒரு சுற்று சுற்றித் திரும்ப வேண்டும். அவர்கள் ஓடிப்போன பிறகுதான் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. மலையில் இது புதிதில்லை. ஆனால் அன்று வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதிரே இருந்த கோல் கம்பம் மறைந்தது. பந்தல் மறைந்தது. முன்னால் ஓடிய சிலர் மட்டும் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

எஸ்டேட்டுக்குள் ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மைதானத்துக்கு. இன்னொன்று கிளியூர்ப் பக்கம் பள்ளத்தின் விளிம்புக்குப் போகும். அங்கே பாறையெல்லாம் பாசி. பிரிவில் நிறுத்தியிருந்த ஆசிரியை, விழுந்துவிட்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. வழிகாட்ட அங்கே இப்போது யாருமில்லை.

ஓடி வருகிறவர்களை வரவேற்க பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எங்காவது கூப்பிட்டால் நமக்குக் கேட்க வேண்டுமே என்று நினைத்து நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில், பிள்ளைகளைத் தேடிப் போயிருந்த பி.டி. மாஸ்டர் பனிக்குள்ளிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏனுங்க டீச்சர் நிறுத்திட்டீங்க? விசில் எந்தப் பக்கம் கேக்குதுன்னே தெரியலீங்க. பேண்ட் சத்தம் மட்டுந்தான் எஸ்டேட்டுக்குள்ள தெளிவா கேட்டுச்சு. நிறுத்தாம வாசிக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிவிட்டார். நான் கையைத் தூக்கினேன்.

ஈரத்தில் தாள்கள் ஊறி ஒட்டிக்கொண்டன. பின்வரிசைக்கு என் கை தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். டிரம்பெட் ஓய்கிற இடத்தில் யூஃபோனியம் பாடியது. யூஃபோனியம் மூச்சு வாங்கும்போது கிளாரினெட் எடுத்துக்கொண்டது. ஒருவர் உதட்டுக்கு இன்னொருவர் ஓய்வு கொடுத்தார்கள். அந்தப் பெரிய மார்ச்சாக இருந்தால் இதற்குள் ஓய்ந்திருப்பார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். வர வர வகுப்பு ஆசிரியைகள் பெயரைச் சொல்லித் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருத்தி ஆறாம் வகுப்பு. அவள் அம்மா நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். மகள் ஓடுவதைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் டிரம் பக்கத்தில் வந்து நின்று என் புடவையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள வந்துருமுங்களா டீச்சர்?"

வந்துவிடுவாள் என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

பெரிய டிரம் அடிக்கிற பெண்ணுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அப்போது யாரோ வந்து கோலை அவள் கையிலிருந்து வாங்கினார்கள். பார்த்தால் ஹெட்மாஸ்டர். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடிக்க ஆரம்பித்தார். தாளம் கொஞ்சம் முன்னேபின்னே போயிற்று. பிள்ளைகள் அவரையும் இழுத்துக்கொண்டு வாசித்தார்கள்.

அப்படியே எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பி.டி. மாஸ்டரின் குரல் கேட்டது. அவருக்குப் பின்னால் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சின்னவளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தாள். சின்னவளுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. இருவர் முழங்காலிலும் சேறு.

"கீழ்ப்பக்கம் இறங்கிட்டோமுங்க மிஸ். கால் வச்ச இடமெல்லாம் வழுக்குச்சு. பேண்ட் சத்தம் முதுகுக்குப் பின்னாடி கேட்டுது. அப்பறந்தான் தப்பா வந்துட்டோம்னு தெரிஞ்சு திரும்புனோம்."

பெரியவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர்கள் இறங்கியது அந்தப் பள்ளத்தின் விளிம்புப் பக்கம்.

அந்த அம்மா மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து நேராக யூஃபோனியம் பையனிடம் போய், தடித்துப்போயிருந்த அவன் உதட்டைப் பார்த்து, "நொம்ப வலிக்குதா சாமி?" என்றார். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பேண்ட் அதற்குள் நின்றிருந்தது. அந்த அமைதியில் நான் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரோ சூடாகச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். கோட்டெல்லாம் நனைந்த ஹெட்மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்று, தம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "பொறுப்பை நல்லாத்தான் பாத்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வேறு ஊர், வேறு பள்ளிகள் என்று எவ்வளவோ பார்த்துவிட்டேன். பிள்ளைகளுக்காக எதையாவது தேர்ந்தெடுக்கிற வேலை வந்தால், பார்க்கிறவர்கள் மெச்சுவார்களா என்று இப்போதெல்லாம் முதலில் யோசிப்பதில்லை. ஒரு கஷ்டமான நேரத்தில் இதை விட்டுவிடாமல் செய்கிற அளவுக்கு அவர்களுக்கு இதில் ஆசை இருக்கிறதா என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.