தெரியலன்னு சொல்லுங்க

கொல்லிமலையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன் நான். அன்னாசி, பலா, வாழைத்தார் என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதை ஏற்றிக்கொண்டு கீழே சந்தையில் இறக்குவது என் பிழைப்பு. இந்தப் பிழைப்பை விடச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லாத ஆள் மலைமேல் எங்கள் ஊர்கள் அடங்கிய ஆலத்தூர் நாட்டில் அநேகமாகக் கிடையாது. முடியாது என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

எனக்கு இருப்பது ஓசிடி. அந்தப் பெயரைச் சொன்னால், சும்மா சும்மா கை கழுவுவார்களே அதுவா என்று கேட்கிறார்கள். கை கழுவுவதில் நான் மகா சோம்பேறி, என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். என்னிடம் அது வேறு வேஷத்தில் வந்தது. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். கல்லாக இருக்கும், குழியாக இருக்கும். உடனே மனசு கேட்கும், அது ஆளாக இருந்தால் என்று. கேட்பதோடு விட்டால் பரவாயில்லை. படமும் காட்டும். செடி மறைவில் ஒரு கை கிடக்கும், பக்கத்தில் செருப்பு கிடக்கும்.

திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மலைச்சாலையில் லோடு வண்டியைத் திருப்புவது சாதாரண வேலை இல்லை. அகலமான இடம் வரும்வரை இறங்கி, திருப்பி, மறுபடி மேலே ஏறி, ஓரம் கட்டிவிட்டு டயருக்கு அடியில் பார்ப்பேன். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் எட்டிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அப்பாடா என்று வண்டியை எடுப்பேன். கொஞ்ச தூரம் போனதும் அடுத்த கேள்வி வரும். இப்போது திரும்பி வந்தோமே, வந்த அவசரத்தில் யாரையாவது தட்டிவிட்டிருந்தால்?

சோளக்காடு ஊர் டீக்கடையில் எனக்கு ரிவர்ஸு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேருக்கு ஏற்ற ஆள்தான், முன்னால் போனதைவிடப் பின்னால் வந்தது அதிகம் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சிரித்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன்.

வைத்தியம் சொல்லாத வாய் இல்லை. பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கையில் கயிறு கட்டினார்கள். அந்த வளைவில் செத்த ஒரு ஆத்மா உன்னைப் பிடித்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னார். அந்த வளைவில் மட்டும் என்றால் சரிங்க, நான் எல்லா வளைவிலும் அல்லவா திரும்புகிறேன் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் நல்லவர்களால் வந்தது. எங்கள் மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் எல்லோருக்கும் பழக்கம். திரும்பிப் போக முடியாத நாட்களில் எனக்குப் பின்னால் வரும் பஸ் டிரைவருக்குப் போன் போட்டு, வளைவில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று கேட்பேன். பாவம் மனுஷன், பஸ்ஸை மெதுவாக்கிப் பார்த்துவிட்டு, ரோடு சுத்தமா இருக்குதுங்க, நீங்க போங்க என்பார். அவர் எடுக்காவிட்டால் டீக்கடைக்காரர், அவரும் எடுக்காவிட்டால் என் மனைவி. ஒன்னுமில்லீங்க, ஒன்னுமில்லீங்க என்று அவள் எனக்குச் சொன்னதை எல்லாம் சேர்த்தால் ஒரு லோடு தேறும். எந்த ஒன்னுமில்லையும் அடுத்த வளைவு வரைக்கும்கூடத் தாங்காது.

ஒரு நாள் எங்கள் பகுதிக்கு வரும் நர்ஸ் அம்மா என் வண்டியில் கீழே வந்தார். அவரை வைத்துக்கொண்டே திரும்பினேன். அவர் திட்டவில்லை. போய்ப் பார்த்ததும் மனசு ஆறுதா, அந்த ஆறுதல் எவ்வளவு நேரம் நிற்குது என்று மட்டும் கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நிற்கவே இல்லைங்க என்றேன். அப்படியானால் இது சாமி குத்தமும் இல்லை, பேயும் இல்லை, பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். எனக்குப் பைத்தியமா என்று சண்டைக்குப் போனேன். மறுவாரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். கூடவே, மாத்திரையைவிடக் கசப்பான ஒன்றைச் சொன்னார். திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. யாரிடமும் கேட்கவும் கூடாது. நிஜமாக ஆளை இடித்தால் அது உங்களுக்கே தெரிந்துவிடும், போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது, இந்த ஒருமுறைதான் இதைச் சொல்வேன், இனிமேல் நானும் சொல்லமாட்டேன் என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, நீங்கள் ஒன்றுமில்லை என்று சொல்கிறபோதெல்லாம் அந்த வியாதிக்குச் சோறு போடுகிறீர்கள் என்றார். அவள் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு டாக்டர் மேல் கோபம் வந்தது. பஸ் ஏறி மேலே வரும்போது அந்தக் கோபம் இடம் மாறியது. இத்தனை காலம் இந்த மனசுக்கு நான் பண்ணையாள் வேலை பார்த்திருக்கிறேன். அது திரும்பு என்றால் திரும்புவது, பார் என்றால் பார்ப்பது. போதும் என்று இருந்தது.

மறுநாள் சோளக்காட்டில் பஸ்கள் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து டீக்கடைக்குப் போனேன். டிரைவர், கண்டக்டர், மிளகு மூட்டையோடு நின்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. சொன்னேன்.

"எனக்கு ஒரு வியாதிங்க. இனிமே நான் போன் போட்டு ரோட்டுல ஆளு கெடக்கான்னு கேட்டா, ஒன்னுமில்லைன்னு சொல்லாதீங்க."

கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. பஸ் டிரைவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

"பின்ன என்னன்னுங்க சொல்றது?"

"தெரியலன்னு சொல்லுங்க."

அது எப்படிங்க, பார்த்துவிட்டுத் தெரியலன்னு சொல்றது என்று அவர் வருத்தப்பட்டார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அப்படியென்றால் பார்க்காதீர்கள் என்றேன். பிறகு இரண்டு முறை அவருக்குப் போன் போட்டேன், மறைக்கவில்லை. இரண்டு முறையும் தெரியலீங்க என்று சொல்லிவிட்டு, திருடிவிட்டு ஓடுகிறவர் மாதிரி அவசரமாகப் போனை வைத்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அந்த மாதமே திரும்பித் திரும்பிப் போய், ஏலம் முடிந்த பிறகு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்னாசி அத்தனையும் வெயிலில் வீணானது. வண்டி எனக்கும் அண்ணனுக்கும் பொது. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாவிக்குக் கையை நீட்டினார்.

"இன்னொரு லோடு இப்பிடி ஆச்சுன்னா வண்டிய வித்துப்போடலாஞ் சாமி. நீ காட்டு வேலையப் பாரு."

"அந்த ஒரு லோட மொதல்ல எறக்கிட்டு வாரேன். சாவிய அப்பறங் கேளுங்க," என்றேன்.

அடுத்த லோடுக்கு என் மனைவியும் முன் சீட்டில் ஏறினாள். விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஓரமாக ஒரு அம்மா விறகுக் கட்டோடு நடந்து போனார். அவரைக் கடந்து வளைவும் திரும்பிய பிறகு, பின் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. கண்ணாடியில் பனிதான் தெரிந்தது. விறகுக் கட்டு சிதறிக் கிடக்கும் படம் வந்துவிட்டது.

"அந்தம்மாவ இடிச்சுட்டனா புள்ள?"

அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலீங்க. இடிச்சிருக்கலாம், இடிக்காமயும் இருக்கலாம். நீங்க ஓட்டுங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் அவள் மேல் வந்ததில்லை. சத்தம் போட்டேன். வண்டி திருப்புகிற அகலமான இடம் வந்தது. கால் தானாக பிரேக்கில் போனது. காலை எடுத்தேன். அந்த இடம் பின்னால் போய்விட்டது. அடுத்த இடமும் போனது. வேர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. நோயே, நீ என்ன வேண்டுமானாலும் காட்டு, சந்தையில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று வாய்விட்டே சொன்னேன்.

ஏலம் ஆரம்பிக்கும் முன்பே சேர்ந்துவிட்டோம். லோடை இறக்கி முடித்தேன். அவள் வண்டி மறைவில் போய் அழுதுவிட்டு வந்து, ஒன்னுமில்லைங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க, கடிச்சு நிறுத்தினேன் என்றாள். எனக்குத்தான் வியாதி, எனக்குத்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது செருப்படி. அண்ணனுக்குப் போன் போட்டு இறக்கியாகிவிட்டது என்றேன். சரி, மளிகைச் சாமான் ஏத்திக்கிட்டு மேல வா என்றார். சாவியைப் பற்றிப் பேசவில்லை.

மேலே வருவதும் அதே சாலைதான். வழியில் போகிற சாக்கில் மெதுவாக்கி எட்டிப் பார்த்தால் அதுவும் திரும்பிப் போனதற்குச் சமம் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். அந்த வளைவு நெருங்கியது. நான் ரோட்டோரம் பார்க்காவிட்டாலும் இவள் பார்ப்பாள், இவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பதில் கிடைத்துவிடும். அது எனக்குத் தோன்றிய அதே நேரத்தில் அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கியரை மாற்றி வளைவில் ஏறினேன். அன்றைக்குச் சக்கரம் எதன் மேல் ஏறி இறங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.